நாலே அங்குலம்

வண்டி நாலு அங்குலம் உயர்ந்தது வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு, ஒரு தோளில் கைப்பையும் ஒரு கையில் சாப்பாட்டுப் பையுமாக, அதில் ஏற முடியாமல் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். எட்டவில்லை. அடுத்து இடது கால். அது வலது காலைவிட விவரமானது, பாதியிலேயே திரும்பி வந்துவிட்டது. கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். தொங்க முடிந்தது, ஏறத்தான் முடியவில்லை.

ஓட்டுகிற இருக்கையிலிருந்து பரிசோதகர் எட்டிப் பார்த்தார். "நாலே அங்குலம்தான் கூடியிருக்கு. மனசு வெச்சா ஏறிடலாம்."

"மனசு எப்பவோ ஏறிடுச்சுங்க. முழங்கால்தான் கீழ நிக்குது."

பரிசோதகர் என்று சொன்னேன். வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்று கொடுக்கிற அலுவலகத்தில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஹாரன் ஒரு இழை கம்மினால் போதும், வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நம்பர் பலகை அரை அங்குலம் சாய்ந்திருந்தாலும் அதே கதி. அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை 'அரையங்குலம்' என்பார்கள். அவருக்கோ, அந்த அலுவலகத்திலேயே பட்டப்பெயர் இல்லாத ஒரே ஆள் தான்தான் என்று பெருமை.

அவர் எது சொன்னாலும் எதிரில் நிற்பவர் "சரிங்க சார்" என்பார். இருபத்தெட்டு வருஷமாக ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: தான் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் எதற்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிக்கப் வண்டியைத் தூக்கினார்? எல்லாம் அந்த நாற்பத்து மூன்று விநாடியால் வந்த வினை.

மனைவியின் தம்பி ஒரு கூட்டம் சேர்த்து வைத்திருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை எட்டு ஒன்பது வண்டிகள் ஒன்றாகக் கிளம்பி, ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஆற்று மணலைக் குறுக்கே கடந்து, அக்கரை மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். போன வருஷம் முதன்முறையாகப் பரிசோதகரும் போனார். நடு ஆற்றில் வண்டி மாட்டிக்கொண்டது. மச்சினன் கயிறு கட்டி இழுத்தான். இழுபட்டு வருகிறவர் சும்மா வரக்கூடாதா? ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கயிறு கோணுது, நேரா இழு" என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். அதை யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். நாற்பத்து மூன்று விநாடி. மனைவி வீட்டு மனிதர்கள் எங்கே கூடினாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அது ஓடும். பிறந்து எட்டு மாதமான குழந்தைகூட அதைக் காட்டினால் அழுகையை நிறுத்தியது.

பரிசோதகர் அன்றைக்கே சங்கல்பம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் கயிறு கூடாது. முதல் ஆளாக மணலைக் கடக்க வேண்டும். மச்சினன் பின்னால் வரட்டும், வந்து பார்க்கட்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், ஆனால் அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தார்.

மாட்டியதற்குக் காரணம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்தது. வயிறு உட்கார்ந்தால் வண்டி தாழ்வு. வண்டி தாழ்வென்றால் தூக்க வேண்டும். விதிப் புத்தகம் நாலு அங்குலம்வரை அனுமதிக்கிறது, ஆகவே நாலு. நாலேகால் இல்லை.

மனைவி ஒருநாள், "ஏங்க, அந்த மணல் விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும், உயரம் பத்தல," என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், காய் நறுக்கப் போய்விட்டாள்.

மெக்கானிக் ஒரு பெண்மணி. பதினைந்து வருஷமாகப் பட்டறை நடத்துகிறவள், அதில் பாதி வருஷம் பரிசோதகர் திருப்பி அனுப்பிய வண்டிகளைச் சரிசெய்தே குடும்பத்தைக் கரையேற்றியவள். எதற்காகத் தூக்க வேண்டும் என்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பரிசோதகர் பையிலிருந்து தாளை எடுத்தார். ஸ்பிரிங் இத்தனை, ஷாக் அப்சார்பர் இத்தனை, பிரேக் ஹோஸ் எவ்வளவு நீளம், எந்த நட்டை எவ்வளவு முறுக்குவது என்று மூன்று பக்கம். மெக்கானிக் மூன்று பக்கத்தையும் பார்த்தாள்.

"சரிங்க சார்," என்றாள்.

அதன் விளைவுதான் இப்போது வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பரிசோதகர் அசரவில்லை. உள்ளே போய்க் குளியலறையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார். மனைவி அதில் ஏறி வண்டிக்குள் போனாள். பிரச்சினை தீர்ந்தது. ஸ்டூல் மட்டும் தெருவிலேயே நின்றது. அவர் இறங்கி, அதை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு மறுபடி ஏறினார். மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் மறுபடி இறங்கி, ஸ்டூலை எடுத்து வைத்து, அவளை இறக்கி, ஸ்டூலைப் பத்திரப்படுத்தி, மறுபடி ஏறினார். அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்துவிட்டது.

எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி உண்டு என்பது அவர் கொள்கை. மறுநாள் ஸ்டூலின் காலில் கயிறு கட்டினார். மனைவி ஏறி உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்தால், ஸ்டூல் கிணற்று வாளி மாதிரி தானாக மேலே வந்துவிடும். வந்தது. பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றவர்கள், வண்டியிலிருந்து முதலில் கயிற்றில் ஒரு ஸ்டூல் இறங்குவதையும் பின்னாலேயே ஓர் அம்மாள் இறங்குவதையும் பார்த்துப் பசியை மறந்தார்கள்.

இதற்கிடையில் அவருக்கு இன்னொன்று உறுத்தியது. வண்டி உயர்ந்துவிட்டது, டயர் பழைய டயர். பெரிய உடம்பும் குச்சிக் காலுமாக நின்றது வண்டி. பெரிய டயர் மாட்டச் சொன்னார். மெக்கானிக், "டயர் மாத்தினா இன்னும் ரெண்டு விரல் ஏறும் சார்" என்று இழுத்தாள். ஏறட்டும், விதிப் புத்தகத்தில் டயர் கணக்கில் வராது என்றார். ஏறியது. ஸ்டூல் போதாமல் ஸ்டூலுக்குக் கீழே ஒரு பலகை வந்தது. பலகைக்கும் ஒரு கயிறு வந்தது. மனைவியின் கைப்பையில் இப்போது இரண்டு கயிற்று நுனிகள் எட்டிப் பார்த்தன. ராத்திரி முன்விளக்கைப் போட்டால் எதிர்வீட்டு மாடியில் இருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

நாலாம் நாள் கயிறு கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. பரிசோதகருக்கு அது தெரியாது. தெருவில் போகிறவர் எல்லாம் ஹாரன் அடித்துக் கையை ஆட்டவும், வண்டியின் உயரத்தைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனார். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"சார், உங்க வண்டிக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் தனியா வருது. அதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி கயிறு இரண்டையும் அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். ஸ்டூல் குளியலறைக்குத் திரும்பியது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் தாழ்வான கார் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. மச்சினன்.

அக்காவை ஏற்றிக்கொள்ள வந்தவன் பேசாமல் ஏற்றிக்கொண்டு போகலாமல்லவா? காரை விட்டு இறங்கினான். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, பிக்கப்பின் ஜன்னலில் தெரிந்த பரிசோதகரை அண்ணாந்து பார்த்தான்.

"மாமா, மேல குளிர் எப்படி இருக்கு?"

பரிசோதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பேசட்டும், இன்னும் மூன்று வாரம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அக்கரையில் நின்று இவனை வரவேற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

வீட்டுப் பிரச்சினை இப்படி ஒருவழியாகச் சிக்கலாகி முடிந்த நேரத்தில் அலுவலகப் பிரச்சினை தலைதூக்கியது.

சோதனைத் திடலின் நுழைவில் இரண்டு கம்பத்துக்கு நடுவே குறுக்காக ஓர் இரும்புக் குழாய் சங்கிலியில் தொங்கும். அதில் இடிக்கிற வண்டி உயரம் அதிகம் என்று அர்த்தம், உள்ளே விடமாட்டார்கள். அதை அங்கே தொங்கவிட்டவரே நம் பரிசோதகர்தான். வண்டியைத் தூக்கிய பிறகு அதைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளூர ஒரு பயம். ஆனால் ஒருநாளும் இடிக்கவில்லை. கணக்குப்படி இடிக்க வேண்டும், ஆனால் இடிக்கவில்லை. கணக்கில்தான் எங்கோ பிசகு என்று நிம்மதியாக இருந்தார்.

முதல் நாளே வாட்ச்மேன் குழாயை அரையடி உயர்த்திக் கட்டிவிட்டது அவருக்குத் தெரியாது. பெரிய டயர் வந்த அன்று இன்னும் இரண்டு விரல். பாவம், அந்த மனுஷனும் பிள்ளைகுட்டிக்காரர்.

ஒரு புதன்கிழமை, மெத்தைகளை மலைபோல் ஏற்றிய சிறிய லாரி ஒன்று குழாயில் இடிக்காமல் ராஜநடை போட்டு உள்ளே வந்தது. கொட்டகைக்குள் நுழைந்தது. அங்கே பரிசோதகர் தம் கைப்பட எழுதி மாட்டியிருந்த 'வாகன ஓட்டிகள் கவனிக்க வேண்டிய நாற்பத்திரண்டு அம்சங்கள்' பலகையைப் பெயர்த்துக்கொண்டு மறுபக்கம் வெளியே போனது.

பரிசோதகர் டேப்போடு ஓடினார். குழாயை அளந்தார். கண்ணை நம்ப முடியாமல் இரண்டாம் தடவை அளந்தார்.

வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார். "வெயில்ல இரும்பு நீளும்னு சொல்வாங்க சார்."

"நீளும். மேல ஏறாது."

"சரிங்க சார்."

எந்த லாரிக்காரனோ கைவரிசை காட்டியிருக்கிறான் என்று பரிசோதகர் முடிவுகட்டினார். ஏணியில் ஏறி, தாமே சங்கிலியைப் பழைய அளவுக்கு இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, நாற்பது ஓட்டுநர்கள் வரிசையில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வண்டி நேராகப் போய் 'டங்' என்று குழாயில் முட்டியது.

நாற்பது பேரும் அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். வராது என்று இன்னொருவர் அதைவிட மெதுவாகச் சொன்னார்.

வேறு யாராவது என்றால் பூட்டைத் திறந்து குழாயை ஏற்றிவிட்டு உள்ளே போயிருப்பார்கள். பரிசோதகர் அந்த ரகம் இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். இறங்கினார். மேஜைக்குப் போய்ச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். தம் வண்டி எண்ணை எழுதி, 'உயரம் மிகுதி, திருப்பி அனுப்பப்படுகிறது' என்று கையெழுத்துப் போட்டு, கிழித்து, தம் கையிலேயே வாங்கிக்கொண்டார். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நாற்பது பேரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

ஆக, தூக்கின வண்டி ஆற்றுக்கு மட்டும்தான். அன்றாடம் வேலைக்குப் போய்வர வேறொரு வண்டி வாங்கியாக வேண்டும். புதுசெல்லாம் வேண்டாம், ஓடின வண்டியே போதும், ஆனால் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். வண்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

அதுதான் சிக்கலே. அவருக்கு எல்லாம் தெரியும்.

புரோக்கர் ஒருவரைப் பிடித்தார். அவர் காட்டிய முதல் கார் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பரிசோதகர் ஒரு பழைய போர்வையை விரித்து அதற்கடியில் படுத்தவர் ஒன்றரை மணி நேரம் எழவில்லை. காரின் சொந்தக்காரர் முதலில் டீ கொண்டுவந்தார், அப்புறம் தலையணை வேண்டுமா என்று கேட்டார். வெளியே வந்த பரிசோதகர் நாற்பத்திரண்டு அம்சத்தில் எட்டு தேறவில்லை என்று எழுதிக் கையில் கொடுத்தார். ஓடுகிறதுதானே என்று புரோக்கர் கெஞ்சினார். ஓடுவது ஒரு தகுதியே இல்லை என்றார் பரிசோதகர். அந்தச் சீட்டைப் படித்த சொந்தக்காரருக்கு மனசு விட்டுப்போய், அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் போகிறாராம்.

இரண்டாவது காரின் கதவு மூடும்போது வந்த சத்தம் பிடிக்கவில்லை. மூன்றாவது காரின் சத்தமில்லாமை பிடிக்கவில்லை, எதையோ மறைக்கிறார்கள். நாலாவது கார் நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று வாங்கியது. புரோக்கர் கையைக் குவித்தே விட்டார். பரிசோதகர் அசையவில்லை. அந்த ஒன்று, பின்சீட்டில் சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணத்தின் மூடி. இந்த வீட்டில் சிகரெட் பிடிப்பவரே கிடையாது. இருந்தாலும் தவறு தவறுதான் இல்லையா?

இரண்டு வாரத்தில் பதினோரு கார் பார்த்தாகிவிட்டது. அவர் தலை தெரிந்தாலே பழைய கார் விற்கிற கடைகளில் ஷட்டர் இறங்கியது. புரோக்கர் போனை எடுப்பதை நிறுத்தினார். பிறகு ஒருநாள் கடைத்தெருவில் அகப்பட்டபோது, வண்டித் தொழிலை விட்டுவிட்டு வீடு வாடகைக்குப் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு அடியில் யாரும் படுத்துப் பார்க்க மாட்டார்கள் அல்லவா?

காலையில் தினமும் மச்சினன் ஹாரன் அடித்தான். தினமும் அண்ணாந்து பார்த்து ஒரு நலம் விசாரித்தான். பரிசோதகர் பிக்கப்பை இரண்டு தெரு தள்ளி நிறுத்தி நடந்தார். பிடிவாதம் மட்டும் ஒரு நூல் குறையவில்லை. பன்னிரண்டாவது கார் எங்கேயோ இருக்கிறது, கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

அது அவர் வீட்டு வாசலில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீடு திரும்பியபோது, பிக்கப் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளில் ஒரு சின்னக் கார் நின்றது. சின்னது என்றால் ரொம்பச் சின்னது. மழையில் கழுவினதும் வெயிலில் காய்ந்ததுமாக நிறம் பாதி போயிருந்தது. மனைவி அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பரிசோதனை நிலையத்தில் கூட வேலை பார்த்த நர்ஸ் ஓய்வு பெற்றுப் போகிறாள், அவளுடைய கார், தான் வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

"யாரைக் கேட்டு வாங்கின?"

"நர்ஸைக் கேட்டுத்தான்."

பரிசோதகர் போர்வையை எடுத்து வந்தார். சாயங்காலம்வரை படுத்தார், எழுந்தார், தட்டினார், முகர்ந்தார். பின்பார்வைக் கண்ணாடி ஆடுகிறது, கதவு ஒன்று வெளியிலிருந்துதான் திறக்கிறது, ஹாரன் அடித்தால் துடைப்பான் ஓடுகிறது. நாற்பத்திரண்டில் பத்தொன்பது தேறவில்லை. தாளை மனைவியிடம் நீட்டினார்.

அவள் முழுசாகப் படித்தாள். "பத்தொன்பதுதானே? மிச்சம் இருபத்து மூணு நல்லா இருக்கே." பிறகு தாளை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கண்ணாடியின் இடுக்கில் செருகினாள். ஆட்டம் நின்றது. "இப்போ பதினெட்டு," என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து பரிசோதகர் அந்தக் காரில், முழங்கால் மோவாயில் இடிக்க, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போனார். இரும்புக் குழாய்க்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். வாட்ச்மேன் சல்யூட் அடித்தபோது முகத்தில் அப்படி ஒரு விடுதலை. மனைவி நன்றாகவே ஓட்டினாள். ஒருநாள் வழியில், "ஏங்க, சனிக்கிழமை ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி..." என்றாள்.

"வேகம் குறையக்கூடாது, தெரியும். நீ கியரைப் பாரு."

அவள் கியரைப் பார்த்தாள்.

சனிக்கிழமை வந்தது. மற்றவர்கள் எட்டு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. பரிசோதகர் ஐந்தரைக்கே எழுந்து, வண்டியை நட்டு நட்டாகத் தட்டிப் பார்த்தார். கதவின் விளிம்பில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த அட்டையில் டயருக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருந்ததோ அதே அளவு, முள் அந்தக் கோட்டில் நிற்கும்வரை, நாலு டயருக்கும் பிடித்தார். மனைவியைக் கரைவரைக்கும் தம்பியோடு வந்து காத்திருக்கச் சொன்னார். தன் காரிலேயே வந்துவிடுவதாக அவள் சொன்னாள். கரைவரைக்கும்தானே என்று விட்டுவிட்டார்.

ஏழே முக்காலுக்கு ஆற்றங்கரை. ஓர் ஈ காக்கை இல்லை. கரையோரத்தில் தார்ப்பாய் நிழலில் தர்ப்பூசணிகளைக் குவித்துக்கொண்டிருந்த வியாபாரி மட்டும் வண்டியைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். காலங்காத்தாலே வியாபாரமா, பழம் வேண்டாம் என்று பரிசோதகர் ஜன்னல் வழியே சைகை காட்டிவிட்டு மணலில் இறங்கினார்.

ஆகா, என்ன கம்பீரம். முதல் இருநூறு அடி வண்டி யானை மாதிரி போனது. கண்ணாடியில் கரை சின்னதாகத் தெரிந்தது. பரிசோதகர் சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்னும் கனத்தது. இன்னும் மிதித்தார். பெரிய டயர்கள் நாலும் மண்வெட்டி போல் மணலை வாரிப் பின்னால் வீசின. வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது. தூக்கின நாலு அங்குலம் முதலில் போனது. பிறகு டயர் கொடுத்த இரண்டு விரல் போனது. கடைசியில் வயிறு மணலில் பொத்தென்று உட்கார்ந்தது. போன வருஷம் மாட்டிய இடத்துக்கு இருபது அடி இந்தப் பக்கம்.

கதவைத் திறந்தார். மணல் வாசற்படி மட்டத்துக்கு இருந்தது. வீட்டு அறையிலிருந்து கூடத்துக்குப் போவதுபோல் சும்மா நடந்து வெளியே வந்தார்.

கரையில் ஒன்பது வண்டிகள் வந்து நின்றன. மஞ்சள் கார் பத்தாவது. எல்லாரும் இறங்கி, வண்டிகளுக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள். தன்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது.

முதலில் இறங்கியது மஞ்சள் கார். அது துணிமேல் இஸ்திரிப் பெட்டி போவதுபோல் அலுங்காமல் குலுங்காமல் வந்தது. அவருக்குப் பத்தடி தள்ளிக் கடக்கும்போது மனைவி ஜன்னல் வழியே, "நின்னா மாட்டிக்கும்ங்க, அக்கரைக்குப் போய்ட்டு ஆளை அனுப்புறேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். இன்னமும் பதினெட்டுக் குறை உள்ள கார் அது.

அடுத்து மச்சினன். அடுத்து மற்றவர்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு போன் நீண்டிருந்தது. இந்த வருஷம் நாற்பத்து மூன்று விநாடி இல்லை, ஒன்பது கோணத்தில் முழுநீளப் படம். பரிசோதகர் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயசில் அழக்கூடாது என்று அழாமல் இருந்தார், அவ்வளவுதான்.

கரையிலிருந்து தர்ப்பூசணி வியாபாரி தோளில் ஒரு மூட்டைப் பழத்தோடு நடந்து வந்தார். மூட்டையை வண்டியில் வைத்தார், டயருக்குப் பக்கத்தில் குந்தினார், வால்வு மூடியைக் கழற்றி ஒரு குச்சியால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது.

பரிசோதகர் துள்ளி எழுந்தார். "யோவ், என்னய்யா பண்றே? அளவாப் பிடிச்ச காத்து அது."

"அதனாலதான் சார் மாட்டிக்கிச்சு. மணல்ல இறங்குறப்போ பாதிக் காத்தை இறக்கிடணும். டயர் தளர்ந்து அகலமா உட்காரும், புதையாது."

"பாதின்னா எத்தனை பவுண்டு?"

"பாதின்னா பாதிதான் சார்."

நாலு டயரும் சப்பையாகப் பிதுங்கின. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் காலால் ஒதுக்கிவிட்டு, வியாபாரி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, மடியில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டார். பரிசோதகர் முதல் கியரில் மெல்ல விட்டார். வண்டி ஒரு தடவை முனகியது. எழுந்தது. நடக்க ஆரம்பித்தது. கயிறும் வேண்டியிருக்கவில்லை, வேகமும் வேண்டியிருக்கவில்லை. அக்கரை தானாக நெருங்கி வந்தது. மரத்தடியில் பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களுக்குக் கொஞ்ச தூரம் இந்தப் பக்கமே பரிசோதகர் வண்டியை நிறுத்தினார். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"இந்த வண்டியைத் தூக்காமலே விட்டிருந்தா?"

"இன்னும் சுலபமா வந்திருக்கும் சார்."

"இந்தக் காத்து விஷயம் அவங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"மணல்ல வண்டி விடுற எல்லாருக்கும் தெரியும்."

பரிசோதகர் மரத்தடியைப் பார்த்தார். மனைவி எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் ஏன்யா ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல?"

வியாபாரி பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யார் சொல்றதுன்னு போன வருஷம் என் கடையில உட்கார்ந்துதான் சார் சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. உங்க வீட்டம்மா பேருதான் வந்துச்சு. ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்க்கிறேன், முடியலேன்னா பேசாம எனக்குன்னு ஒரு கார் வாங்கிக்கிறேன்னாங்க."